சவரியின் இரண்டாவது பகடை

ஜூன் 9, ஞாயிறு

இல்லை, வலி இல்லை. கழுத்தில் ஒரு மடிப்பு கூடியதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். எல்லோரும் வலியைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, எனக்குப் பதில் சொல்ல வராது என்பது நினைவுக்கு வந்து, தாங்களே தலையாட்டிக்கொள்கிறார்கள்.

தைராய்டில் பாதியை எடுத்தாயிற்று. சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று அறிக்கை வந்தது. அம்மா அன்றே கோயிலுக்குப் போய்வந்தாள்.

குரல் போனது தனிச் செய்தி. இடது குரல்நாண் அசையவில்லை. நரம்பு அதிர்ந்திருக்கிறது, அறுபடவில்லை என்றார் டாக்டர். இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியும் இருந்தார். "மூணு மாசத்துல வரலாம். ஆறு மாசமும் ஆகலாம்." வராமலும் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்க முடியாமல் இருப்பதில் சில வசதிகள் உண்டு.

இப்போது என்னிடம் இருப்பது காற்று. உதடு அசைகிறது, காற்று போகிறது, சொல் வருவதில்லை.

துவைத்த துணியை மடித்து வைத்தேன்.

ஜூன் 12

அம்மா ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். சிறுபிள்ளைகள் எழுதி அழிப்பது. ஓரத்தில் ஒரு யானை சிரிக்கிறது. முதலில் "நன்றி" என்று எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் எதையோ கழுவினாள்.

ஜூன் 14

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உண்டா என்று ரியாஸ் எங்கள் வாட்ஸப் குழுவில் கேட்டிருக்கிறான். அம்மாவும் பார்த்துவிட்டாள். மூன்று வருஷமாகப் போகிறேன், இன்றுதான் கேட்டாள்: "அப்பிடி என்னத்தட்டி விளையாடுதிய?"

சிலேட்டில் நான்கு தடவை அழித்து அழித்து எழுதினேன். நாலு பேர், ஒரு மேசை. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். கதவு பூட்டியிருக்கிறது என்று அவள் சொன்னால், நான் திறந்து பார்க்கிறேன் என்பான் ஒருவன். திறக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும்; குறித்த எண்ணைத் தொட்டால் திறக்கும். அந்த வேலையில் அவன் பாத்திரத்துக்குத் தேர்ச்சி இருந்தால், விழுந்த எண்ணோடு மூன்று கூட்டிக்கொள்ளலாம்.

"பூட்டு எங்க இருக்கு?"

இல்லை என்று கை விரித்தேன்.

"இதுக்கா ஞாயித்துக்கெழம பூரா போற?"

நடத்துபவள் நான்தான் என்பதை எழுதவில்லை. சிலேட்டில் இடமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

போனேன். ரியாஸின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. ஞாயிறன்று கடை அடைப்பு. ஜன்னலைத் திறந்தால் ஆனிக் காற்று தாளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது, மூடினால் புழுக்கம். பழைய கண்ணாடிக் கூடுகளை வைத்து மூலைகளை அழுத்திக்கொள்கிறோம்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நடத்துபவர் வாயால் சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு. எழுதினால் செல்லாது, தலையாட்டினால் செல்லாது. நான் கொண்டுவந்ததுதான். முன்பு ஆட்டத்தை வாட்ஸப்பிலும் தொடர்ந்தோம். அதில் ரியாஸின் பாத்திரமான ஹக்கீம் இரண்டு முறை செத்து, நடுவில் ஒரு கல்யாணமும் செய்துகொண்டார்.

நீரில் மூழ்கிய கோட்டையின் வாசலில் மூவரும் நிற்கிறார்கள். பூட்டுத் திறப்பவள் கொக்கி, அது பெனிட்டா. வைத்தியர் ஹக்கீம், ரியாஸ். ஓடக்காரன் சவரி, செல்வின். நான் எழுதினேன்: கதவு பூட்டியிருக்கிறது.

ஒருவரும் அசையவில்லை.

"எழுதிருக்கா," என்றான் ரியாஸ். "சொல்லலியே."

"ஏல, அவளால பேச முடியாதுல்லா," என்றாள் பெனிட்டா.

"தெரியும். அப்ப கதவு பூட்டிருக்கா இல்லியா? நெசமாத்தான் கேக்கேன்."

அவன் கேலி செய்யவில்லை. மூன்று பேருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும்.

செல்வின் சிலேட்டைத் தன் பக்கம் திருப்பினான். "கதவு பூட்டியிருக்கிறது. முற்றுப்புள்ளி," என்று வாசித்தான்.

பூட்டிக்கொண்டது.

மாலை வரை அப்படியே. நான் எழுத, அவன் வாசிக்க. எழுதியதை மட்டும் வாசித்தான். குரலை ஏற்றி இறக்கி நடிக்கவில்லை. அதற்கு நன்றி. என் வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது நீளமாக இருக்கிறது. இனி சிறிதாக எழுத வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

மடை அறை. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியேறும் கதவில் பூட்டு. பெனிட்டா பகடையைக் கையில் எடுத்து, தன் தாளைப் பார்த்து, நிறுத்தினாள்.

"ஒரு சந்தேகம். கொக்கிக்குக் கைத்திறன்ல தேர்ச்சி இருக்கு. பூட்டுக் கருவியிலயும் தேர்ச்சி இருக்கு. பூட்டத் தொறக்க ரெண்டுமே வேணும். அப்ப மூணும் மூணும் ஆறுல்லா கூட்டணும்?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். எழுதினேன்: ஒருமுறைதான்.

"அப்ப எதுக்குட்டி ரெண்டு வாங்குனேன்? ஒண்ணு சும்மா கெடக்கவா?"

"ஒரே வேலைக்கு ரெண்டு பட்டம் வாங்கிட்டு ரெண்டு சம்பளம் கேக்கா," என்றான் ரியாஸ்.

"நீ பேசாத. ஒன் ஹக்கீமு மருந்துப் பெட்டியத் தூக்கிட்டு ஒளியத்தான் லாயக்கு."

செல்வின் சிலேட்டைப் பார்த்தான். "ஒருமுறைதான்" என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பெனிட்டாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஆறு கூட்டாண்டாம். மூணுதான். ஆனா ரெண்டு பகடை உருட்டு. பெருசு எதுவோ அது."

வாயால் சொல்லிவிட்டான். பெனிட்டா உருட்டினாள். ஐந்து. பதினெட்டு. கதவு திறந்தது. ரியாஸ் எழுந்து நின்று கத்தினான்.

நான் எழுதினேன்: நான் அப்படிச் சொல்லவில்லை.

யாரும் கவனிக்கவில்லை. சிலேட்டை மேசையில் தட்டினேன். ரியாஸ் குனிந்து படித்தான்.

"எழுதுனது செல்லாது இசக்கி," என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். "நீ போட்ட சட்டம்."

ஜூன் 24

கத்த முடியாதவர்களின் கோபம் எங்கே போகிறது என்று யாராவது ஆராயலாம். என்னுடையது இட்லிப் பானைக்குள் போயிற்று. அடிப்பிடித்ததைச் சுரண்டி வெள்ளையாக்கினேன்.

ஆட்டத்துக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தபோது ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. பூட்டுக்கு ஒருத்தி, காயத்துக்கு ஒருவன், தண்ணீருக்கு ஒருவன். அப்போதுதான் ஒவ்வொருவரும் தேவைப்படுவார்கள். ஒரே வேலைக்கு இரண்டு இருந்தால் ஒன்று உபரி. இது விதியின் அழகைப் பற்றிய விஷயம்.

போன டிசம்பரில் எனக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிறு செல்வின் நடத்தினான். நன்றாக இருந்ததாம். சிரித்துச் சிரித்து ரியாஸுக்கு விக்கல் வந்துவிட்டதாம்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குரலுக்காகச் சொல்லித்தந்திருந்த, சுவரைத் தள்ளிக்கொண்டு "ஆ" சொல்லும் பயிற்சி இன்று செய்யவில்லை.

ஜூன் 27

செல்வின் வீட்டுக்கு வந்தான். ஒரு பை நிறைய நுங்கு. அம்மா, "வாங்க தம்பி, இருங்க," என்று மின்விசிறியைப் போட்டாள். நான் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தேன்.

"கோவமா?"

இல்லை என்று எழுதினேன். அவன் அதை வாசித்தான்: "இல்லை." வாசித்துவிட்டுச் சிரித்தான். பழகிவிட்டது அவனுக்கு.

"அன்னைக்கு ஒங்கிட்ட கேக்காமச் சொல்லிட்டேன். தப்புதான். ஆனா சொன்னது தப்பில்ல, கேட்டியா? கைத்திறன்ங்கது வெரலு. கருவித் தேர்ச்சிங்கது பூட்டோட உள்ளு தெரியது. ஒண்ணு தப்புனா ஒண்ணு தாங்கும். ரெண்டும் உள்ளவளுக்கு அந்தத் தாங்கலாவது இருக்காண்டாமா?"

எழுதினேன்: பலம் கூடிவிடும்.

"பலம் கூடிவிடும்," என்று வாசித்தான். "கூடாது, ஆன்ட்டிகிட்ட வேணும்னா கேளு. ரெண்டு பகடை போட்டாலும் இருபதுக்கு மேல விழாதுல்லா. உச்சி ஒசராது. தடுக்கி விழுறதுதான் கொறயும்."

"என்கிட்ட எதுக்குத் தம்பி கேக்கணும்," என்றாள் அம்மா, நுங்கைத் தோண்டிக்கொண்டே.

கணக்கு எனக்கும் தெரியும். பதினொன்று விழ வேண்டுமென்றால் ஒரு பகடைக்குப் பாதி வாய்ப்பு. இரண்டுக்கு முக்கால். நான் கணக்கைக் கேட்கவில்லை. நான் எழுதியது வேறு. எழுதிய பிறகுதான் அதைப் பார்த்தேன். அழிப்பதற்குள் அவன் வழக்கப்படி உரக்க வாசித்துவிட்டான்.

"பிறகு நான் எதற்கு."

அவன் குரலில்.

வாசித்தது என்னவென்று அவனுக்கு அப்புறம்தான் கேட்டிருக்க வேண்டும். சிலேட்டை மெதுவாக என் மடியில் வைத்தான். அம்மா என்னைப் பார்க்காமல், "நுங்கு எளசா இருக்கு, எடுத்துக்கோங்க," என்றாள்.

விதியைப் பற்றிய கேள்வி என்று அம்மா நினைத்திருப்பாள். விதியைப் பற்றித்தான்.

ஜூன் 30, ஞாயிறு

போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன்.

ஜூலை 3

பேச்சுப் பயிற்சிக் கிளினிக். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே காட்டினார்கள். திரையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். வலது ஆடுகிறது. இடது படுத்திருக்கிறது. நடுவில் ஒரு சந்து, அது வழியாகத்தான் என் காற்றெல்லாம் போகிறது.

பயிற்சி தரும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "லெஃப்ட் முழிச்சாலும் சரி, முழிக்காட்டியும் சரி. ரைட் நடுக்கோட்டத் தாண்டி வந்து அதத் தொடப் பழகிக்கும். நாமதான் பழக்கணும். வீட்டுல செய்றீங்களா?"

தலையாட்டினேன்.

"பொய்," என்றாள்.

இடப்பக்கம் தலையை முழுக்கத் திருப்பச் சொன்னாள். தோளைப் பார்த்துக்கொண்டு "ஆ". வந்தது. பஸ் கதவு திறக்கும் சத்தம்போல ஒன்று. அவள் மேசையைத் தட்டினாள். "இதான். இது போதும் ஆரம்பிக்க. யார்கிட்டயாவது பேசுங்க. செவுத்துக்கிட்டப் பேசுனா பாதிதான் வரும்."

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருந்தாள். என்ன சொன்னாங்க என்று கண்ணால் கேட்டாள். பரவாயில்லை என்று எழுதினேன்.

சத்தம் வந்ததை எழுதவில்லை. எழுதினால் பேசச் சொல்வாள். இந்தக் குரலை முதலில் யார் கேட்பது என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. பொய்யைப் பொய் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்றி, இங்கே மட்டும்.

ஜூலை 8

கடைக்குப் போனேன். உளுந்து, கடுகு, சோப்பு. சிலேட்டைக் காட்டினால் கடைக்காரர் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்துகிறார். "உளுந்து ஒரு கிலோவாம்மா!" தெருவே திரும்பிப் பார்த்தது. கூட ஒரு மிட்டாய் வைத்துக் கொடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் என் நெறியாளர் ஆய்வேட்டின் அத்தியாயத்தைப் படிக்காமலே நன்றாக வந்திருக்கிறது என்றார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தலையைத் திருப்பி, "கதவு" என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு "பூட்டு". குழாயை மூடிவிட்டு ஒருமுறை.

ஜூலை 11

பெனிட்டா குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள். பின்னால் அவளுடைய வங்கியின் டோக்கன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

"ஏட்டி, போன ரெண்டு ஞாயிறும் ஆட்டமே இல்ல தெரியுமா? செல்வின நடத்துலன்னா, மாட்டேங்கான். நான் வாசிக்கத்தான் செஞ்சேன், வாசிக்க ஒண்ணும் இல்லன்னா என்னத்தச் சொல்லங்கான். நீ நடத்திருக்கல்லா டிசம்பர்லன்னு ரியாஸ் கேட்டான். அதுக்கு அவன், அன்னைக்கும் இசக்கி காய்ச்சலோட பத்துப் பக்கம் எழுதிக் குடுத்திருந்தாங்கான். எங்களுக்குத் தெரியாதே! நாங்க கேரம் விளையாடுனோம். ரியாஸ் தோத்துட்டு, காத்துல காயி நவுந்துட்டுன்னு சாதிக்கான். தலவலி போச்சுன்னா வா. போகலன்னாலும் வா."

பத்துப் பக்கம். நான் மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை.

கேரமா, என்று மட்டும் பதில் போட்டேன்.

மாலையில் அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

போனேன். சிலேட்டில் முதல் வரி: இரண்டு பகடை இருக்கட்டும். செல்வின் வாசிக்காமல் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு வாசித்தான். பெனிட்டா மேசையில் தாளம் போட்டாள்.

இரண்டாவது வரியும் எழுதினேன். அதை யோசிக்க எனக்கு இந்த வாரம் முழுக்க ஆயிற்று. இரண்டு பகடையும் தேறினால், வேலை முடிவதோடு அந்தப் பொருளைப் பற்றி ஒன்று தெரியவரும். திறன் பூட்டைத் திறக்கும். கருவி, அந்தப் பூட்டைச் செய்தவனைப் பற்றிச் சொல்லும்.

மூன்றாவது பூட்டில் இரண்டும் தேறின. "இதைச் செய்தவன் இடதுகைக்காரன், அவசரத்தில் இருந்தான்," என்று வாசித்தான் செல்வின். ஹக்கீம் உடனே அந்த இடதுகைக்காரனுக்காக அழத் தொடங்கினார். ரியாஸுக்கு அவ்வளவு போதும்.

நன்றாக இருந்தது. என் வாக்கியங்களும் சிறிதாகிவிட்டன.

ஜூலை 21, ஞாயிறு

மடை மூடவில்லையென்றால் கோட்டை இன்று முழுக்க மூழ்கும். மூடும் சக்கரம் அடியில், தண்ணீருக்குள். சவரி இறங்கினான். கவிழ்ந்த ஓடத்தை அடியில் இழுத்துக்கொண்டு, அதற்குள் தங்கியிருக்கும் காற்றை மூச்சுக்கு வைத்து, சக்கரத்தைத் திருப்பிவிட்டு மேலே வருவது திட்டம். அழகான திட்டம். செல்வினுடையது.

சக்கரம் திரும்பிவிட்டது. மேலே வர வேண்டும். பதினைந்து தேவை. உருட்டினான். ஒன்பது. மூன்று கூட்டினால் பன்னிரண்டு.

"இன்னொண்ண உருட்டுல," என்றாள் பெனிட்டா. "ஒனக்கு நீச்சல் தெரியும், ஓடமும் தெரியும். ரெண்டும் சேந்த வேலதான இது?"

செல்வின் பகடையைத் தொடவில்லை. "எனக்கு நானே எப்பிடிக் குடுக்க? சேருதா சேரலியான்னு நடத்துறவங்கதான் சொல்லணும். சவரி என் ஆளு. அவன் காரியத்த நான் வாசிக்கதும் சரியில்ல."

எங்கள் மேசையில் அதுவும் உண்டு. தன் பாத்திரத்தின் தலையெழுத்தைத் தன் வாயால் யாரும் சொல்வதில்லை.

"அப்ப இசக்கி எழுதட்டும், நான் வாசிக்கேன்," என்று ரியாஸ் கையை நீட்டினான். சுலபமான வழி. சரியான வழியும்கூட. யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

சிலேட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

இடப்பக்கம் தலையைத் திருப்பினேன். அங்கே ஜன்னல். மூவரையும் பார்க்காமல்தான் பேச முடியும் என்பது முதலில் வெட்கமாகவும் பிறகு உதவியாகவும் இருந்தது.

"சேரும்," என்றேன். "இன்னொண்ணு உருட்டு."

வெளியே வந்தது என் பழைய குரல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல, பாதி வழியில் உடைந்து. திரும்பிப் பார்த்தபோது பெனிட்டாவின் கை அவள் வாய்மேல் இருந்தது. ரியாஸின் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. செல்வின் பகடையை எடுத்தான். நடத்துபவர் உருட்டச் சொன்னால் உருட்ட வேண்டும். உருட்டினான்.

நான்கு.

ரியாஸ்தான் முதலில் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல். பிறகு செல்வின். பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லவில்லையென்றால் நடக்காது. சவரியை அப்படியே தண்ணீருக்குள் நிறுத்தி வைத்திருக்கலாம், வருஷக் கணக்கில்.

ஜன்னலைப் பார்த்தேன்.

"சக்கரம் நின்னுட்டு. தண்ணி எறங்குது. ஓடம் மட்டும் மேல வருது." மூச்சு வாங்கினேன். "சவரி வரல."

யாரும் கைதட்டவில்லை. யாரும் உன் குரல் வந்துவிட்டதே என்று சொல்லவில்லை. பெனிட்டா மேசையில் ஓங்கி அடித்தாள்.

"அது எப்பிடிட்டி வராம இருப்பான்? இடுப்புல கயிறு இருந்துச்சுல்லா! போன வாரம் கெட்டுனோம்லா!"

"அவுத்துட்டுத்தான் எறங்குனான்."

"எப்ப அவுத்தான்? நீ சொல்லவே இல்ல!"

"செல்வின் சொன்னான்."

"ஆமா, அவுத்தேன்," என்றான் செல்வின்.

"செத்தவன் பேசக்கூடாது!"

"ஹக்கீம் குதிக்காரு," என்றான் ரியாஸ்.

"ஹக்கீமுக்கு நீச்சல் தெரியாது."

"தெரியும்! என் தாளப் பாரு. நீ ஒருநாளும் கேக்கல!"

"மூணு வருஷமா ஓடத்துல ஓரத்தப் புடிச்சிக்கிட்டு அழுதாரே, அது யாரு?"

"அது பயம் இசக்கி. பயம் வேற, நீச்சல் வேற. நல்லா நீஞ்சத் தெரிஞ்சவனுக்கும் பயம் இருக்கும்."

விட்டுக்கொடுக்கவே இல்லை அவர்கள். என் குரல் தேய்ந்து காற்றாகும் வரை சண்டை. கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, புரையேறாமல் இருக்கத் தாடையைக் கழுத்தோடு ஒட்டித் தண்ணீர் குடித்தேன். காத்திருந்தார்கள். குடித்து முடித்ததும் பெனிட்டா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எத்தனை பேருக்கு இப்படி மூன்று பேர் கிடைப்பார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் சவரி செத்தான். என் தீர்ப்புதான் நின்றது.

செல்வினுக்கு இனி பாத்திரம் இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான். என் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். தலையைத் திருப்பினால் இனி ஜன்னலுக்கு முன்னால் அவன் முகம் இருக்கும். தெரிந்து போட்டானா என்று தெரியாது.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கமா?" என்றான் ரியாஸ். "அப்ப ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேரும் ரெண்டு மாதிரிச் சொன்னா எது நடந்ததா வைக்க?"

செல்வின் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துத்தான் சொன்னேன், வேறு வழியில்லை.

"எது நல்லாருக்கோ அது."

ரியாஸ் அதைத் தாளில் குறித்துக்கொண்டான். பெனிட்டா இன்னும் கயிற்றைப் பற்றியே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22

காலையில் கிளினிக்குக்கு நானே ஃபோன் செய்தேன். எடுத்தவருக்கு முதலில் கேட்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் பெயரைச் சொன்னேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். சரி என்றேன். பிறகு அம்மாவிடம் போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.